கடைமடை வரை அளப்போம்: கண்காணிப்பு மென்பொருளில் ஐபிவி6-ஐ இயக்கும் முழுமையான வழிகாட்டி

வீரவநல்லூரில் கணினி மையம் நடத்தும் அண்ணாச்சி ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அழைத்தார். “தம்பி, சில பக்கங்கள் பாதி திறந்து அப்படியே நின்றுவிடுகின்றன. வாசலில் ஏழெட்டுப் பேர் விண்ணப்பத்தோடு காத்திருக்கிறார்கள். என்னவென்று பாருங்கள்” என்றார். எங்கள் சிறு இணையச் சேவை நிறுவனத்தின் பாளையங்கோட்டை அலுவலகத்தில் என் முன்னால் இருந்த கண்காணிப்புத் திரையில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி எல்லாமே பச்சை. “இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது அண்ணாச்சி. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்” என்றேன். அணைத்துப் போட்டார். மாலையில் மறுபடியும் அழைத்தார். மறுநாள் பைக்கில் போய் அவருடைய மேசையிலேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இணையத்தில் முகவரியிட்டுத் தரவை அனுப்பும் நெறிமுறைக்கு ஐபிவி4 என்ற பழைய பதிப்பும் ஐபிவி6 என்ற புதிய பதிப்பும் உண்டு. ஐபிவி4 வழியில் ஒரு குறையும் இல்லை. ஐபிவி6 வழியில் சின்ன பாக்கெட் (தரவுத் துண்டு) போகிறது, பெரிய பாக்கெட் தொலைந்துபோகிறது. எங்கள் கண்காணிப்பு மென்பொருள் ஐபிவி6 பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தாமிரபரணியில் மருதூர் அணைக்கட்டிலிருந்து மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. மேலக்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கீழக்கால் வயல் நனைந்திருக்கும் என்று எந்த விவசாயியும் நம்பமாட்டார். நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். இரண்டு கால்வாயையும் தனித்தனியே, அதுவும் கடைமடையில் நின்று அளக்கும்படி ஒரு கண்காணிப்பு அமைப்பை மாற்றுவது எப்படி என்பதை, நாங்கள் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் என்பதால் விளக்கம் அதை ஒட்டியே போகும். நாகியோஸ், ஐசிங்கா, புரொமீதியஸ் போன்ற பிற கண்காணிப்பு மென்பொருள்களை வைத்திருப்பவர்களுக்குத் தேவையானதையும் இடையிடையே சொல்கிறேன். கோப்பு, கட்டளை, அமைப்பு வரி ஆகியவற்றின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கருவியில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

இப்போது ஏன் இது அவசரம்

உலக அளவில் பகிர்ந்து கொடுக்க வைத்திருந்த ஐபிவி4 இருப்பு 2011 பிப்ரவரி 3 அன்றே தீர்ந்துவிட்டது. ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம். மொத்தமே சுமார் 430 கோடி. எங்களைப் போன்ற சிறு இணையச் சேவை நிறுவனத்தின் கையில் 256 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதி இருந்தால் அதுவே பெரிது. மீதி வாடிக்கையாளர்கள் எல்லாரும் 100.64 என்று தொடங்கும் பகிர்வு முகவரிக்குள் (பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து வெளியே போகும் ஏற்பாடு) நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஐபிவி6 முகவரியோ 128 பிட். 2016-இல் ஜியோ தன் 4ஜி சேவையை ஐபிவி6-ஐ நம்பித் தொடங்கியபின், இந்தியா இந்த நெறிமுறையில் உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. உங்கள் வாடிக்கையாளரின் கைப்பேசியும் கணினியும் ஐபிவி6 கிடைத்தால் முதலில் அதைத்தான் எடுக்கின்றன. ஆகவே ஐபிவி4-ஐ மட்டும் பார்க்கும் கண்காணிப்பு, வாடிக்கையாளர் போகாத பாதைக்குக் காவல் நிற்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரவுசர்கள் இரண்டு வழியையும் முயன்று, முதலில் பதில் தரும் வழியைப் பிடித்துக்கொள்ளும் உத்தி 2017-இல் ஆர்எஃப்சி 8305 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்திருக்கிறது. ஐபிவி6 முழுவதும் அறுந்துபோனால் பிரவுசர் சத்தமில்லாமல் ஐபிவி4-க்கு மாறிவிடும். யாரும் புகார் சொல்லமாட்டார்கள். பகிர்வு முகவரிக் கருவியின் மேல் மட்டும் சுமை ஏறும். ஐபிவி6 அரைகுறையாக அறுந்தால்தான் ஆபத்து. இணைப்பு கிடைத்துவிட்டது என்று பிரவுசர் அதிலேயே நின்றுவிடும், பக்கம் வராது. அண்ணாச்சியின் மேசையில் நடந்தது இதுதான்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு

“ஐபிவி6 ஆதரவை இயக்குவது” என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. மென்பொருள் தானே ஐபிவி6 வழியாகப் பேசுவது ஒன்று. வலையமைப்பில் ஐபிவி6 எப்படி இருக்கிறது என்பதை அளப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஃபைபர் இணைப்புகளை ஒன்றுசேர்க்கும் உங்கள் பழைய ஓஎல்டி கருவிக்கு ஐபிவி6 மேலாண்மை முகவரி வைக்க வசதி இல்லாமல் இருக்கலாம். கவலை இல்லை, அதனிடம் ஐபிவி4 வழியாகவே எஸ்என்எம்பி (கருவியின் நிலையை விசாரிக்கும் நெறிமுறை) கேள்வி கேளுங்கள். கேள்வி எந்த வழியில் போகிறது என்பதைவிட, எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதே முக்கியம். மாறாக, எல்லாக் கேள்வியும் ஐபிவி6 வழியாகப் போனாலும் வாடிக்கையாளரின் ஐபிவி6 பாதையை ஒருமுறைகூட அளக்கவில்லை என்றால் வேலை முடியவில்லை.

படி 1: கண்காணிப்பு சர்வருக்கு நிலையான முகவரி

சர்வருக்கு ஐபிவி6 முகவரியைக் கையால் எழுதி வையுங்கள். தானாக வரும் முகவரியை நம்பாதீர்கள். சில லினக்ஸ் வகைகளில் தனியுரிமைக்காகத் தற்காலிக முகவரி உருவாக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். வெளியே போகும் இணைப்புக்கு அந்தத் தற்காலிக முகவரியே பயன்படும். சில நாட்களில் அது மாறிவிடும். நூறு கருவிகளில் “இந்த முகவரியிலிருந்து மட்டும் கேள்வி கேட்கலாம்” என்று எழுதி வைத்த அனுமதியெல்லாம் அன்று காலையில் பயனற்றுப் போகும். ‘யூஸ் டெம்ப் அட்ரஸ்’ என்ற கர்னல் (லினக்ஸின் மைய நிரல்) அமைப்பைச் சுழியமாக்குங்கள். ஸாபிக்ஸ் சர்வர் கோப்பில் ‘சோர்ஸ் ஐபி’ என்ற வரி இருக்கிறது. சர்வரில் பல முகவரிகள் இருந்தால் எதிலிருந்து புறப்பட வேண்டும் என்பதை அதில் சொல்லலாம்.

எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட 2001:டிபி8 தொகுதியிலிருந்து ஒரு முகவரியை இங்கே வைத்துக்கொள்வோம்: 2001:டிபி8:10::5. இதுதான் நம் சர்வர்.

இன்னொரு பொறி இருக்கிறது. அந்தக் கணினியில் பாக்கெட் கடத்தல் இயங்கத் தொடங்கினால், கர்னல் தன்னை ஒரு ரவுட்டர் என்று எண்ணிக்கொண்டு, அண்டை ரவுட்டரின் அறிவிப்புகளை ஏற்பதை நிறுத்திவிடும். கண்டெய்னர் மென்பொருள் நிறுவும்போது இது நமக்குத் தெரியாமலே நடக்கக்கூடும். நிறுவிய உடனே எல்லாம் சரியாக இருக்கும். அறிவிப்பின் ஆயுள் முடிந்ததும் வெளியே போகும் வழி மறைந்துவிடும். ‘அக்செப்ட் ஆர்ஏ’ என்ற அமைப்பை 2 என்று வையுங்கள், அல்லது வழியையும் கையாலேயே எழுதிவிடுங்கள். நான் கையால் எழுதுவதையே விரும்புகிறேன்.

படி 2: ஃபயர்வால்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். எங்கள் கோளாறின் வேர் இங்கேதான் இருந்தது.

எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்வது ஃபயர்வால். லினக்ஸில் அதன் ஐபிடேபிள்ஸ் விதிகள் ஐபிவி4-க்கு மட்டுமே உரியவை. ஐபிவி6-க்கு ஐபி6டேபிள்ஸ் என்று தனிக்கருவி, தனிப்பட்டியல். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தோன்றாது. புதிதாக அமைப்பவர்கள் என்எஃப்டேபிள்ஸில் ‘இநெட்’ வகை அட்டவணையை எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் ஒரே பட்டியல் போதும். 10050, 10051 ஆகிய ஸாபிக்ஸ் போர்ட்களையும், எஸ்என்எம்பிக்கான யூடிபி 161-ஐயும் ஐபிவி6 பக்கத்திலும் திறந்துவிடுங்கள்.

பிறகு ஐசிஎம்பி, அதாவது கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங்கும் பிழை அறிவிப்புகளும் செல்லும் நெறிமுறை. ஐபிவி4 காலத்தில் “ஐசிஎம்பி என்றால் பிங், பிங் என்றால் வம்பு, மொத்தமாக அடைத்துவிடு” என்று ஒரு பழக்கம் பலரிடம் ஊறிவிட்டது. ஐபிவி6-இல் அதே பழக்கத்தைக் காட்டினால் வலையமைப்பே நின்றுவிடும். ஐபிவி4-இல் ஏஆர்பி செய்த வேலையை இங்கே ஐசிஎம்பிவி6 செய்கிறது: வகை 135 அண்டைக் கருவி எங்கே என்று கேட்பது, 136 அதற்கான பதில், 133-உம் 134-உம் ரவுட்டரைத் தேடுவதற்கும் ரவுட்டர் தன்னை அறிவிப்பதற்கும். பிங் கேள்வி 128, பதில் 129. எல்லாவற்றையும்விட முக்கியமானது வகை 2: “பாக்கெட் மிகப் பெரிது” என்ற செய்தி.

ஐபிவி6-இல் வழியில் உள்ள ரவுட்டர் பெரிய பாக்கெட்டை உடைத்து அனுப்பாது. “என் வழியில் இவ்வளவுதான் போகும்” என்று அனுப்பியவருக்கு வகை 2 செய்தி எழுதிவிட்டு, வந்த பாக்கெட்டைக் கைவிட்டுவிடும். அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால், அனுப்புபவர் அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

எங்கள் வாடிக்கையாளர்கள் பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையில் இணைகிறார்கள். அதில் பாக்கெட்டின் முன்னால் சேரும் 8 பைட் தலைப்புச் செலவு போக, 1500-க்குப் பதில் 1492 பைட் பாக்கெட்தான் போகும். ஐபிவி4-க்கு யாரோ பல ஆண்டுகளுக்கு முன்பே டிசிபி துண்டு அளவை (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவை) 1452-க்குக் குறைத்து ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். அதனால் அந்தப் பக்கம் பிரச்சினையே வரவில்லை. ஐபிவி6-க்கு அதே விதியை எழுதியிருந்தால் 1432 என்று வந்திருக்கும், ஏனெனில் ஐபிவி6 தலைப்பு 20 பைட் கூடுதல். அப்படி யாரும் எழுதவில்லை. அதற்கு மேல், எங்கள் எல்லை ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6 மொத்தமாக அடைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வரும் 1500 பைட் பாக்கெட் எங்கள் ரவுட்டர் வரை வந்து விழுந்தது. “பெரிது” என்ற செய்தியோ எங்கள் ஃபயர்வாலைத் தாண்டவில்லை. சில பெரிய தளங்கள் தாமாகவே சிறிய பாக்கெட்டாக அனுப்புவதால் அவை நன்றாகத் திறந்தன. மற்றவை பாதியில் நின்றன. “அது திறக்கிறது, இது திறக்கவில்லை” என்று அண்ணாச்சி சொன்னதன் பொருள் இதுதான். நான் அவர் சொன்னதை முதல் நாளே காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

எந்த வகையை விட வேண்டும், எதை நிறுத்தலாம் என்று ஆர்எஃப்சி 4890 ஒரு பட்டியல் தருகிறது. ஃபயர்வாலைத் தொடும் ஒவ்வொருவரும் அதை ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

படி 3: பெயர்கள்

பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் ஐபிவி4 முகவரிக்கு உரியது ஏ பதிவு; ஐபிவி6 முகவரிக்கு உரியது ஏஏஏஏ என்று எழுதப்படும் ‘நான்கு ஏ’ பதிவு. ஒரு கருவிக்குப் பழைய ஏ பதிவும் நான்கு ஏ பதிவும் ஒரே பெயரில் இருந்தால், கண்காணிப்பு மென்பொருள் எந்த வழியில் சோதித்தது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே சோதனைக்கென்று இரண்டு பெயர்கள் வையுங்கள். ‘வி4’ என்ற முன்னொட்டுடன் ஏ பதிவு மட்டும் உள்ள பெயர் ஒன்று. ‘வி6’ என்ற முன்னொட்டுடன் நான்கு ஏ பதிவு மட்டும் உள்ள பெயர் ஒன்று. பிறகு வரும் எல்லாச் சிரமத்தையும் இந்தச் சின்ன ஏற்பாடு பாதியாகக் குறைக்கும்.

படி 4: ஸாபிக்ஸ் சர்வர்

முதலில், உங்கள் சர்வர் ஐபிவி6 ஆதரவோடு தொகுக்கப்பட்டதா என்று பாருங்கள். ஊகிக்க வேண்டாம். ஸாபிக்ஸ் சர்வர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தன் பதிவேட்டில் வசதிகளின் பட்டியலை எழுதும். எஸ்என்எம்பி, வலைக் கண்காணிப்பு என்று ஒவ்வொன்றாக வரும் அந்த வரிசையில் “ஐபிவி6 சப்போர்ட்” என்று ஒரு வரி இருக்கும். அதன் நேரே “யெஸ்” என்று இருந்தால் சரி, “நோ” என்றால் அந்த நிரலால் ஒன்றும் செய்ய முடியாது. மூலநிரலிலிருந்து தொகுப்பவர்கள் ‘எனேபிள் ஐபிவி6’ என்ற தேர்வைச் சேர்த்து மறுபடி தொகுக்க வேண்டும்.

அடுத்து ‘லிசன் ஐபி’ வரி. யாராவது முன்பே அதில் 0.0.0.0 என்று எழுதி வைத்திருந்தால் சர்வர் ஐபிவி4-இல் மட்டும் காது கொடுக்கும். அந்த வரியையே எடுத்துவிட்டால் எல்லா இடைமுகத்திலும் கேட்கும். மறுதொடக்கம் செய்தபின் ‘எஸ்எஸ்’ கட்டளையால் 10051 போர்ட்டைப் பாருங்கள். இரட்டைப் புள்ளி (:) இரண்டு முறை சதுர அடைப்புக்குள் தெரிந்தால், அதாவது [::]:10051 என்று வந்தால், ஐபிவி6-இல் கேட்கிறது என்று பொருள்.

பிங் சோதனைக்கு ஸாபிக்ஸ் எஃப்பிங் என்ற தனி நிரலைப் பயன்படுத்துகிறது. எஃப்பிங் 4.0-இலிருந்து ஒரே நிரல் இரண்டு நெறிமுறையையும் கையாளும். அதற்கு முன் ஐபிவி6-க்கு எஃப்பிங்6 என்று தனி நிரல் இருந்தது. சர்வர் கோப்பில் ‘எஃப்பிங்6 லொகேஷன்’ என்ற வரி அந்தப் பழைய நிரலைச் சுட்டும். உங்களிடம் புதிய எஃப்பிங் இருந்தால் அந்த வரியின் மதிப்பை வெறுமையாக விடுங்கள். இல்லாத நிரலைச் சுட்டிக்கொண்டிருந்தால் ஐபிவி4 பிங் எல்லாம் ஓடும், ஐபிவி6 பிங் மட்டும் ஆதரவில்லை என்று சாம்பல் நிறத்தில் நிற்கும்.

பதிவேட்டிலும் அனுமதிப் பட்டியலிலும் ஒரு விந்தையைக் காண்பீர்கள். லினக்ஸில் ஒரே சாக்கெட் இரண்டு நெறிமுறையையும் கேட்கும்போது, ஐபிவி4-இல் வந்தவரின் முகவரி ::எஃப்எஃப்எஃப்எஃப்:192.168.1.10 என்ற வடிவில் தோன்றலாம். இது ஐபிவி6 இணைப்பு அல்ல. ஐபிவி4 முகவரி வேறு உடுப்பில் வந்திருக்கிறது. 192.168.1.10 என்று எழுத்துப் பிசகாமல் ஒப்பிடும் சொந்த ஸ்கிரிப்ட்கள் இங்கே தவறும். கண்காணிக்கப்படும் கருவியில் ஓடும் ஸாபிக்ஸ் ஏஜென்ட் நிரல் இரண்டு வடிவத்தையும் ஒன்றாகவே கொள்ளும்.

தரவுத்தள இணைப்பை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயர் இப்போது ::1 என்ற முகவரிக்கு முதலில் போகக்கூடும். போஸ்ட்கிரஸ் அனுமதிக் கோப்பில் ::1/128 என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வலைப்பக்கம் என்ஜின்எக்ஸில் ஓடினால் ‘லிசன் [::]:80’ என்ற வரியையும், பாதுகாப்பான இணைப்புக்கு 443-ஐயும் சேருங்கள்.

சொந்தமாக எழுதிய அறிக்கை நிரல்கள் வைத்திருப்பவர்கள் அட்டவணையில் முகவரிக்கு எத்தனை எழுத்து இடம் விட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 15 என்றால் ஐபிவி4-க்கு மட்டுமே போதும். முழு ஐபிவி6 முகவரிக்கு 39 எழுத்து வேண்டும். மேலே சொன்ன கலப்பு வடிவத்துக்கு 45. ஒரே முகவரியைச் சுழியங்களைச் சுருக்கியும் சுருக்காமலும் பல விதமாக எழுதலாம் என்பதால், சேமிக்கும் முன் ஆர்எஃப்சி 5952 சொல்லும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கருவி இரண்டாகத் தெரியும்.

படி 5: ஏஜென்ட்டும் எஸ்என்எம்பியும்

ஏஜென்ட் கோப்பில் ‘சர்வர்’ வரியில் பழைய ஐபிவி4 முகவரிக்குப் பக்கத்தில் காற்புள்ளியிட்டு 2001:டிபி8:10::5 சேருங்கள். பழையதை உடனே நீக்க வேண்டாம். ‘சர்வர் ஆக்டிவ்’ வரியில் போர்ட் எண்ணும் எழுதுவதானால் முகவரியைச் சதுர அடைப்புக்குள் வைத்தே ஆக வேண்டும்: [2001:டிபி8:10::5]:10051. முகவரியிலேயே இரட்டைப் புள்ளிகள் நிறைந்திருப்பதால், எது முகவரி, எது போர்ட் என்று மென்பொருளுக்கு வேறு எப்படித் தெரியும்? ஸாபிக்ஸ் திரையில் கருவியின் ஐபி கட்டத்தில் மட்டும் அடைப்பு வேண்டாம்.

லினக்ஸ் கருவிகளில் நெட்-எஸ்என்எம்பி இருந்தால் ‘ஏஜென்ட் அட்ரஸ்’ வரியில் யூடிபி:161-உடன் யூடிபி6:161-ஐயும் சேருங்கள். வாசிப்பு அனுமதிக்கு ‘ஆர்ஓகம்யூனிட்டி’ என்பது ஐபிவி4-க்கு; ஐபிவி6-க்கு இறுதியில் 6 சேர்த்த தனி வரி. இதை மறந்து மணிக்கணக்கில் தேடியவர்கள் நிறைய.

போக்குவரத்து வரைபடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடைமுகத்தின் வழக்கமான பைட் எண்ணி இரண்டு நெறிமுறையையும் கூட்டித்தான் காட்டும். ஐபிவி6 எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4293 வரையறுத்த ‘ஐபி இஃப் ஸ்டாட்ஸ்’ அட்டவணையை எடுங்கள். அதில் பதிப்பு எண் 1 என்றால் ஐபிவி4, 2 என்றால் ஐபிவி6. எல்லாக் கருவியும் இதை ஆதரிப்பதில்லை. லினக்ஸ் ரவுட்டர் என்றால் புரோக் கோப்பகத்தில் நெட் என்பதற்குள் ‘டெவ் எஸ்என்எம்பி6’ என்ற இடத்தில் இடைமுகத்துக்கு ஒரு கோப்பு இருக்கும். ‘ஐபி6 இன் ஆக்டெட்ஸ்’, ‘ஐபி6 அவுட் ஆக்டெட்ஸ்’ என்ற இரண்டு வரிகள் போதும். ஏஜென்ட்டால் படித்து வரைந்துவிடலாம். ஐபிவி6 கோடு திடீரென்று தரைதட்டி, ஐபிவி4 கோடு அதே நிமிடத்தில் உயர்ந்தால், யாரும் புகார் சொல்லும் முன்பே உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது.

ரவுட்டரிலிருந்து நெட்ஃப்ளோ (போக்குவரத்துக் குறிப்புகள்) பெறுபவர்கள் பதிப்பு 5-ஐ உடனே கைவிடுங்கள். அதில் ஐபிவி6 முகவரிக்கு இடமே கிடையாது. பதிப்பு 9 அல்லது ஐபிஃபிக்ஸ் வேண்டும்.

படி 6: ஒரு கருவி, இரண்டு சோதனை

ஒரே கருவியை வி4 என்றும் வி6 என்றும் இரண்டாகப் பதிவதா, ஒன்றாகப் பதிந்து இரண்டு சோதனை வைப்பதா? ஒன்றாகப் பதிவதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. கருவி ஒன்றுதான், பெட்டி ஒன்றுதான், மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

செய்முறை இப்படி: ஒவ்வொரு கருவிக்கும் ‘ஐபி6’ என்று ஒரு மேக்ரோ (மதிப்பைத் தாங்கும் பெயர்) உருவாக்கி அதில் ஐபிவி6 முகவரியை இடுங்கள். வார்ப்புருவில் இரண்டு பிங் உருப்படிகள் வையுங்கள். ஒன்று வழக்கம்போல, மற்றொன்றில் இலக்கு என்ற இடத்தில் அந்த மேக்ரோ. இரண்டுக்கும் தனித்தனி டிரிக்கர் (எச்சரிக்கை விதி). பிறகு ஐபிவி6 டிரிக்கரை ஐபிவி4 டிரிக்கரைச் சார்ந்ததாக்குங்கள். ஃபைபர் அறுந்தால் ஒரே எச்சரிக்கை வரும். ஐபிவி6 மட்டும் போனால் அதற்கென்று தனி எச்சரிக்கை வரும். நள்ளிரவில் இரண்டு மடங்கு குறுஞ்செய்தி வந்தால் ஒரு வாரத்தில் யாரும் படிக்கமாட்டார்கள்.

நாகியோஸில் பிங், எச்டிடிபி, டிசிபி சோதனை நிரல்களுக்கு -4, -6 என்ற தேர்வுகள் உண்டு. கருவிப் பதிவில் சொந்த மாறி ஒன்று வைத்து ஐபிவி6 முகவரியை அதில் தாருங்கள். ஐசிங்கா 2-இல் ‘அட்ரஸ்6’ என்ற பண்பே இருக்கிறது. ஸ்மோக்பிங்கில் எஃப்பிங்6 என்ற புரோப்.

புரொமீதியஸின் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அது இயல்பாகவே ஐபிவி6-ஐத்தான் முதலில் எடுக்கும். ஆனால் பெயருக்கு ஐபிவி6 முகவரி கிடைக்காவிட்டால் ஐபிவி4-க்கு மாறி “வெற்றி” என்று எழுதிவிடும். நான்கு ஏ பதிவை யாரோ தவறுதலாக அழித்துவிட்டாலும் உங்கள் ஐபிவி6 சோதனை பச்சையாகவே இருக்கும். ‘ஐபி புரோட்டோகால் ஃபால்பேக்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். வி4-க்கு ஒன்று, வி6-க்கு ஒன்று என்று இரண்டு மாட்யூல் எழுதுங்கள்.

படி 7: கடைமடைச் சோதனை

சாதாரண பிங் சிறிய பாக்கெட். எங்கள் கோளாறு நடந்தபோது ஐபிவி6 பிங் வைத்திருந்தால்கூட அது பச்சையாகத்தான் இருந்திருக்கும். ஆகவே பெரிய பாக்கெட் பிங் ஒன்றைச் சேருங்கள். 1500 பைட் பாக்கெட் வேண்டுமானால், 40 பைட் ஐபிவி6 தலைப்பும் 8 பைட் ஐசிஎம்பிவி6 தலைப்பும் கழித்து, 1452 என்று அளவு தர வேண்டும். ஸாபிக்ஸின் பிங் உருப்படியில் இலக்கு, எண்ணிக்கை, இடைவெளி ஆகியவற்றுக்குப் பின் நான்காவது இடம் இந்த அளவுக்கு உரியது. எண்ணிக்கையை 4 என்றாவது வையுங்கள். நல்ல நிலையில் முதல் பாக்கெட் தொலைந்து, “பெரிது” என்ற செய்தி வந்து, அடுத்தவை துண்டாகிப் போய்ச் சேரும். நான்கும் தொலைந்தால் செய்தி எங்கோ அடைபட்டிருக்கிறது.

இந்தப் பிங்கை எங்கிருந்து அனுப்புகிறீர்கள் என்பது முக்கியம். எங்கள் சர்வர் ஃபயர்வாலுக்கு உள்ளே இருக்கிறது. அங்கிருந்து அனுப்பினால் செய்தி ஃபயர்வாலைத் தாண்டாமலே திரும்பி வந்துவிடும், கோளாறு தெரியாது. அதனால் வீரவநல்லூரில், அண்ணாச்சியின் மேசைக்கு அடியிலேயே, அவர் வாங்கும் அதே வகை இணைப்பில் ஒரு சிறிய ராஸ்பெர்ரி பை வைத்தோம். “மின்சாரம் எவ்வளவு இழுக்கும் தம்பி?” என்று கேட்டார். கைப்பேசி சார்ஜர் அளவுதான் என்றதும் சம்மதித்தார்.

அதில் ஆக்டிவ் ஏஜென்ட் ஓடுகிறது. வாடிக்கையாளர் பக்க முகவரி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், சர்வர் அதைத் தேடிப் போவதைவிட அது சர்வரைத் தேடி வருவதே சரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எங்கள் வலையமைப்புக்கு வெளியே வாடகைக்கு எடுத்த சர்வரில் உள்ள சில நூறு கிலோபைட் கோப்பு ஒன்றை, கர்ல் நிரலால் -6 தேர்வோடு ஒருமுறையும் -4 தேர்வோடு ஒருமுறையும் இறக்குகிறது. 20 விநாடி கெடு. எத்தனை பைட் வந்தது, எத்தனை விநாடி ஆனது என்ற எண்கள் ஸாபிக்ஸுக்கு வருகின்றன. இணைப்பு கிடைத்து, பைட் மட்டும் பாதியில் நின்றால் அதுவே எங்கள் பழைய கோளாறு. அதற்குத் தனி டிரிக்கர் வைத்திருக்கிறோம்.

படி 8: தானியங்கித் தேடலை மாற்றுங்கள்

ஐபிவி4-இல் ஒரு தொகுதியின் எல்லா முகவரிக்கும் பிங் அனுப்பிக் கருவிகளைக் கண்டுபிடிப்போம். ஐபிவி6-இல் ஒரு சாதாரண உள்வலைக்கே 64 பிட் இடம். விநாடிக்குப் பத்து லட்சம் முகவரி தேடினாலும் முடிக்க 5,84,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஸாபிக்ஸும் தேடல் வரம்பை /112-க்கு மேல், அதாவது 65,536 முகவரிக்கு மேல், விரிய விடாது. அதற்குப் பதில் ரவுட்டரையே கேளுங்கள். அண்டைக் கருவிகளின் பட்டியல் அதன் நினைவில் இருக்கிறது. ‘ஐபி நெட் டு ஃபிசிக்கல்’ என்ற எஸ்என்எம்பி அட்டவணையில் படிக்கலாம். எஃப்இ80 என்று தொடங்குபவை அந்தந்த வலைக்குள் மட்டுமே செல்லும் முகவரிகள். அவற்றைக் கண்காணிப்பில் சேர்க்க வேண்டாம்.

படி 9: உடைத்துப் பாருங்கள்

எச்சரிக்கை வருகிறதா என்பதை நிஜமாகவே உடைத்துத்தான் அறிய முடியும். வாடிக்கையாளர் குறைவாக இருக்கும் அதிகாலையில், ஒரு சோதனை இணைப்பில் மட்டும் மூன்று முறை உடைத்தோம். முதலில் ஐபிவி6-ஐ முழுதாக நிறுத்தினோம்: ஐபிவி6 பிங் டிரிக்கர் இரண்டு நிமிடத்தில் வந்தது, ஐபிவி4 அசையவில்லை. அடுத்து நான்கு ஏ பதிவை எடுத்துவிட்டோம்: பிங் பச்சை, கோப்பிறக்கம் சிவப்பு. மூன்றாவதாக, கோளாறுக்குப் பிறகு எழுதிச் சேர்த்திருந்த 1432 விதியை நீக்கி, வகை 2 செய்தியை மட்டும் எல்லையில் அடைத்தோம். சிறிய பிங் பச்சையாகவே இருந்தது. வீரவநல்லூர் பெட்டியின் கோப்பிறக்கம் 20 விநாடி நின்று அறுந்தது. சில நிமிடங்களில் என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது.

அடைப்பை எடுத்து, விதியைத் திரும்ப எழுதி, மூன்று டிரிக்கரும் பச்சைக்குத் திரும்பியதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சியை அழைத்தேன். கடை திறந்துகொண்டிருந்தார். முன்பு பாதியில் நின்ற அதே பக்கத்தைத் திறந்து, கடைசிக் கட்டம் வரை வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். “வந்துவிட்டது தம்பி, அச்சே எடுத்துவிட்டேன்” என்றார்.